வழு சுட்டும் பொறி தமிழ் பேசுக!

ஒருவன் செய்த பிழையை அவனுக்கு விளங்காத மொழியில் எடுத்துரைப்பது திருத்தம் ஆகாது; அது வெறும் பழிப்பே ஆகும். இன்ன குற்றம் என்று அறியாமலே ஒறுப்பை ஏற்கும் ஒருவன் நிலைக்கும், தன் நிரலில் நேர்ந்த வழு எது என்று அறியாமலே கணிப்பொறித் திரைமுன் தலைகவிழ்ந்து நிற்கும் மாணவன் நிலைக்கும் வேறுபாடு மிகுதியில்லை. முன்னவன் நிலைக்கு இரங்குவார் பலர் உளர். பின்னவன் நிலையை எண்ணிப் பார்ப்பார் எத்தனை பேர்?

விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும், திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. செஞ்சி, மயிலம், வானூர், மரக்காணம், விக்கிரவாண்டி ஆகிய ஊர்ப்புறங்களில் வேளாண் குடியிற் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பொறியியல் கற்க வரும் வாயில்கள் இவை. தன் குடியில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவனும் அவருள் உண்டு. அவன் கணினியியலைத் தெரிந்தெடுப்பானாயின், வலையமைப்பு ஆய்வகம் என்னும் தாளை எதிர்கொண்டே ஆதல் வேண்டும். இரண்டு கணிப்பொறிகள் தம்முள் பேசிக்கொள்ளுமாறு நிரல் எழுதுவது அத்தாளின் பாடங்களுள் ஒன்று. அந்நிரலின் உயிர்நிலை, ஆங்கிலத்தில் சாக்கெட் எனப்படும் பொருத்துவாய்.

பொருத்துவாய் என்பது யாது? விழுப்புரத்தார்க்கு இதனை விளக்க அவர்தம் தொடர்வண்டிச் சந்திப்பே போதும். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைக்கும் தடம் பிரியும் சந்திப்பு அது. ‘விழுப்புரத்திற்கு வா’ என்று மட்டும் ஒருவன் சொன்னால் வருபவன் ஊரை அடைவானேயன்றி, அழைத்தவனை அடையான். எந்த நடைமேடை என்பதையும் சொல்லியாக வேண்டும். வலையமைப்பில் கணிப்பொறியின் முகவரி ஊர்ப்பெயரை ஒக்கும். துறை எண் நடைமேடை எண்ணை ஒக்கும். அந்நடைமேடையில் ஒரு நிரல் திறந்து வைத்துக் காத்திருக்கும் வாயிலே பொருத்துவாய். காத்திருக்கும் நிரல் வழங்கி. தேடி வரும் நிரல் வாங்கி. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தார் 1983ஆம் ஆண்டு தம் யூனிக்சு இயங்குதளத்தில் வெளியிட்ட இவ்வமைப்பே, நாற்பதாண்டு கடந்தும் உலக வலையமைப்பு நிரல்கட்கெல்லாம் அடிப்படையாக நிற்கின்றது.

மாணவன் வழங்கி நிரலைத் தட்டெழுதித் தொகுப்பியிடம் தருகின்றான். சி மொழியில் எழுதியதைப் பொறிமொழிக்கு மாற்றித் தருவதே தொகுப்பியின் பணி. அதுவோ முப்பது நாற்பது வரிகளை ஆங்கிலத்தில் கொட்டுகின்றது. மாணவன் மருள்கின்றான், மேல்வகுப்பு மாணவனின் பழைய ஏட்டை வாங்கி வரிக்கு வரி படியெடுக்கின்றான், தேர்வுக்கு நெட்டுருப் போடுகின்றான். நிரல் ஓடினால் மதிப்பெண், ஓடாவிட்டால் ஊழ்! எட்டுப் பருவமும் இவ்வாறு கழித்து வெளிவருபவன் பட்டம் பெறலாம்; தொழில் பெறுவானோ?

உண்மையில் தொகுப்பி வைதது ஒன்றுமில்லை. எந்தக் கோப்பு, எத்தனையாம் வரி, அவ்வரியில் எத்தனையாம் இடம், நேர்ந்தது பிழையா எச்சரிக்கையா, அதன் கரணியம் யாது என ஐந்து செய்திகளை ஒழுங்காக எடுத்துரைக்கின்றது. எழுத்துப் பிழை என்று ஐயுற்றால், ‘இச்சொல்லையோ கருதினீர்?’ என்றும் வினவுகின்றது. இத்துணைப் பொறுமையான ஆசான் கிடைத்தும் பயனின்றிப் போவது, அவ்வாசானின் மொழி விளங்காமையாலன்றோ?

தொல்காப்பியம் கற்ற தமிழர்க்கு இப்பொறியின் போக்கு புதிதன்று. சொல்லை வழு என்றும் வழாநிலை என்றும் பகுத்து, வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகைப்படுத்தி, ஏற்புடைய இடத்து வழுவமைதியும் கூறியது தமிழ் மரபு. நூலுக்குரிய குற்றம் பத்து என எண்ணி வைத்தது நன்னூல். தொகுப்பி செய்வதும் இதுவே. அது ஓர் இலக்கண ஆசிரியன். அதன் வழுக்கூற்றுகளைத் தமிழ்க் கண்கொண்டு நோக்குவார்க்கு அவற்றின் இயல்பு எளிதிற் புலப்படும். வலையமைப்பு நிரல்களில் மிகுதியும் நேரும் வழுக்கள் நான்கு.

முதலாவது, தலைப்புக் கோப்பு கிட்டாமை. நிரலில் ஆளப்படும் செயற்கூறுகளின் முன்னறிவிப்புகளைத் தாங்கியிருப்பது தலைப்புக் கோப்பு. பொருத்துவாய்க்குரியது ‘சிசு’ அடைவில் உள்ள ‘சாக்கெட்’ என்னும் கோப்பு. கல்லூரியின் இலினக்சுக் கணிப்பொறியில் ஓடிய நிரலை மாணவன் வீட்டின் விண்டோசுக் கணிப்பொறிக்கு எடுத்துச் சென்றால், ‘அத்தகு கோப்பு இல்லை’ என்று தொகுப்பி அங்கேயே நின்றுவிடும். நிரலில் பிழை இல்லை. இடம் மாறியதே கரணியம். அக்கோப்பு யூனிக்சுக் குடும்பத்துக்கு உரியது. விண்டோசுக்கு ‘வின்சாக் 2’ என வேறு கோப்பு உண்டு. முதலில் அவ்வமைப்பைத் தொடங்கி வைக்கும் அழைப்பும் தனியே வேண்டும். இதற்கு மறுதலையும் உண்டு. டாசு காலத்து டர்போ சி தொகுப்பியில் பழகிய கை, பழக்கத்தால் ‘கானியோ’ என்னும் கோப்பை இலினக்சிலும் கேட்கும். அங்கே அது கிடைக்காது. அந்தப் பழந்தொகுப்பியைக் கொண்டு பொருத்துவாய் நிரல் எழுதப் புகுவதோ, கிணற்றில் கப்பல் விடுவதை ஒக்கும்.

இரண்டாவது, முன்னறிவியாது ஆளுதல். நூற்குற்றங்களுள் குன்றக் கூறல் என்பதன் இனம் இது. முகவரியை எண்வடிவிலிருந்து எழுத்துவடிவுக்கு மாற்றும் செயற்கூறு ‘ஆர்ப்பா’ அடைவின் ‘ஐநெட்’ கோப்பில் அறிவிக்கப்பட்டுள்ளது. அக்கோப்பைச் சேர்க்க மறந்து செயற்கூற்றை மட்டும் ஆண்டால், பழைய தொகுப்பிகள் அது முழுவெண் ஒன்றைத் தரும் என்று தாமாகவே கொண்டு, ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டன. ஆய்வகத்தில் எச்சரிக்கையைப் படிப்பார் யார்? ஆனால் அச்செயற்கூறு உண்மையில் தருவது நினைவகச் சுட்டு. 64 இருமக் கணிப்பொறியில் சுட்டு 64 இருமம் கொள்ளும். முழுவெண் 32 இருமமே கொள்ளும். பாதி முகவரி அறுந்து போக, ஓடும் நிரல் நடுவழியில் வீழ்ந்துபடும். இவ்வாறு அறிவிப்பின்றி ஆளுதலைச் சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரமே நீக்கிவிட்டது. எனினும் குனுத் தொகுப்பி கால் நூற்றாண்டு பொறுத்திருந்து, 2024ஆம் ஆண்டு வெளிவந்த தன் 14ஆம் பதிப்பில்தான் இதனை எச்சரிக்கை நிலையிலிருந்து பிழை நிலைக்கு உயர்த்தியது. அதன் விளைவு யாது? ஆண்டாண்டாகப் படியெடுக்கப்பட்டு வந்த பழைய ஆய்வக ஏட்டு நிரல்கள் புதிய தொகுப்பியின்முன் ஓடாது நின்றுவிடுகின்றன. நெட்டுருக் கல்வியின் முதலீடு ஒரே பதிப்பில் கரைந்தது. வழுவைப் படிக்கக் கற்றவன் ஒரு வரியைச் சேர்த்து மேற்செல்வான். படியெடுக்க மட்டும் கற்றவன் பொறியைப் பழிப்பான்.

மூன்றாவது, வகை மயக்கம். ‘அவன் வந்தது’ என்பது திணைவழு. ‘அவள் வந்தான்’ என்பது பால்வழு. செயற்கூறு ஒரு வகைப் பொருளை எதிர்நோக்க, நிரலாளன் வேறு வகைப் பொருளைத் தந்தால் தொகுப்பி காட்டுவதும் இத்தகைய வழுவே. பொருத்துவாயை முகவரியோடு பிணைக்கும் ‘பைண்டு’ என்னும் செயற்கூறு பொதுமுகவரிக் கட்டமைப்பின் சுட்டை எதிர்நோக்குகின்றது. மாணவன் கையில் இருப்பதோ இணைய முகவரிக்கே உரிய சிறப்புக் கட்டமைப்பு. ‘இரண்டாம் உள்ளீடு பொருந்தா வகைச் சுட்டு’ என்று தொகுப்பி மறுக்கின்றது. ஈண்டுத் தீர்வு வழுவமைதி! தன் பசுவை ‘என் செல்வி வந்தாள்’ என்று உழவன் உவந்து கூறுங்கால், வழுவாயினும் தக்கதோர் ஏது பற்றி இலக்கணம் அதனை அமைத்துக்கொள்ளும். அவ்வாறே ‘இதனைப் பொதுமுகவரியாகவே கொள்க’ என்று நிரலாளன் வெளிப்படையாக வகைமாற்றம் எழுதினால் தொகுப்பி ஏற்றுக்கொள்ளும். அதற்கும் தக்க ஏது உண்டு. எவ்வகைச் சுட்டையும் ஏற்கும் பொதுச் சுட்டு, சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்தில்தான் நிலைபெற்றது. பொருத்துவாயோ 1983இலேயே பிறந்துவிட்டது. ஆதலின் அக்காலத்தார் பொதுமுகவரி என ஒன்றை வகுத்துக்கொண்டனர். கட்டமைப்பின் உள்ளே அமைந்த குடும்பக் குறியைக் கொண்டு இயங்குதளம் உண்மை வகையை அறிந்துகொள்ளும். இக்கரணியத்தை அறிந்தவன் வகைமாற்றத்தை உரிய இடத்தில் மட்டும் ஆள்வான். அறியாதவன் ஒவ்வொரு பிழையையும் வகைமாற்றத்தால் மூடி மறைப்பான். வழுவமைதி கற்றவனுக்கும் வழுவை மறைப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நான்காவது, இணைப்பில் நேரும் வழு. தொகுப்பி தன் பணியை முடித்தபின், நிரலின் உறுப்புகளையும் நிரலகங்களையும் ஒன்றாகப் பூட்டுவது இணைப்பி. ‘சாக்கெட் என்பதற்கு வரையறை கிட்டவில்லை’ என்று இப்போது வரும் வழுவுக்கு வரியெண் தேடிப் பயனில்லை. அறிவிப்பு உண்டு, அறிவித்த பொருள் எங்கே என்பதே இணைப்பியின் வினா. இலினக்சில் பொருத்துவாய்ச் செயற்கூறுகள் பொது நிரலகத்திலேயே அடங்கியுள்ளமையால் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது. விண்டோசிலோ ‘டபிள்யூஎசு2_32’ என்னும் நிரலகத்தைக் கட்டளை வரியில் தனியே குறித்தல் வேண்டும். குறிக்குமிடத்தும் மூலநிரலின் பெயருக்குப் பின்னரே குறித்தல் வேண்டும். இணைப்பி இடமிருந்து வலமாகத் தேடிச் செல்வது. தேவை எழுமுன் கிடைத்ததை அது வேண்டாப் பொருள் என்று கடந்து போய்விடும்.

இந்நான்கோடு, ஒரே பெயரை இருமுறை வரையறுப்பது கூறியது கூறல். ஓரிடத்தில் ஒரு வகையாகவும் வேறிடத்தில் மற்றொரு வகையாகவும் அறிவிப்பது மாறுகொளக் கூறல். இவற்றைத் திருத்தும் நெறியும் எளிது. நாற்பது வரிகளையும் கண்டு மருளற்க. முதற்பிழையை மட்டும் படித்துத் திருத்தி, மீண்டும் தொகுக்க. தலைப்புக் கோப்பு ஒன்று விடுபட்டால் அதன் வழிவழிப் பிழைகள் பலவாகத் தோன்றும். வேரைப் பிடுங்கினால் கிளை தானே வாடும். ஒரு வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால் பிழை அடுத்த வரியில் சுட்டப்படுதலும் உண்டு. ஆதலின் சுட்டிய வரியோடு அதன் முன்வரியையும் நோக்குக.

இலக்கண வழு நீங்கிய தொடரெல்லாம் உண்மைத் தொடர் ஆகிவிடாது. தொகுப்பியின் தேர்வில் வென்ற நிரலும் பொருளால் வழுவலாம். 5000 என்னும் துறை எண்ணை வலையமைப்பின் எண்ணடுக்கு முறைக்கு மாற்றாமல் அப்படியே தந்தால், இன்றைய பெரும்பாலான கணிப்பொறிகளில் அது 34835ஆகக் கொள்ளப்படும். தொகுப்பி வாய் திறவாது. வழங்கி ஒரு நடைமேடையில் காத்திருக்க, வாங்கி மற்றொரு நடைமேடையில் கதவு தட்டும். எழுத்து வழுவைப் பொறி காணும். கருத்து வழுவை மாந்தனே காணல் வேண்டும். எழுத்து வழுவிலேயே பருவம் முழுதும் கழியுமாயின், கருத்து வழுவைக் காணும் அறிவு வளர்வது எப்போது?

இனி மொழிக்கு வருவோம். குனுத் தொகுப்பி தன் வழுக்கூற்றுகளை நிரலோடு பிணைத்து வைக்கவில்லை; மொழிவாரியாகத் தனிக் கோப்பிலிருந்து எடுத்துப் பேசுமாறு அமைக்கப்பட்டுள்ளது. செர்மனியர்க்குச் செர்மனிலும், பிரெஞ்சியர்க்குப் பிரெஞ்சிலும், யப்பானியர்க்கு யப்பானியத்திலும், துருக்கியர்க்குத் துருக்கியத்திலும், வியத்நாமியர்க்கு வியத்நாமியத்திலும், உக்ரைனியர்க்கு உக்ரைனியத்திலும் அது பேசும். அறுபது நூறாயிரம் மக்களும் இல்லாத பின்லாந்து நாட்டார் மொழியிலும் பேசும். ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழில் பேசுவதில்லை. தடுத்தவர் எவருமில்லை. அக்கோப்பு யாவர்க்கும் திறந்தது; உரிமமும் கட்டற்றது. பின்லாந்தார் தம் மொழிக் கோப்பைத் தாமே ஆக்கிக்கொண்டனர், தமிழர் ஆக்கிக்கொள்ளவில்லை. வேறுபாடு இவ்வளவே.

தமிழால் இயலாதோ? இயலும். ‘இச்செயற்கூறு முன்னறிவிப்பின்றி ஆளப்பட்டுள்ளது’, ‘இக்கட்டமைப்பு எவ்வளவு இடங்கொள்ளும் என்பது அறியப்படவில்லை’, ‘இரண்டாம் உள்ளீடு பொருந்தா வகைச் சுட்டு’, ‘இப்பெயருக்கு வரையறை எங்கும் கிட்டவில்லை’ — இவை விழுப்புரத்து மாணவனுக்கு விளங்காத தொடர்களோ? 2020ஆம் ஆண்டு வெளிவந்த 10ஆம் பதிப்பு முதல் குனுத் தொகுப்பி, மாறிகளுக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடவும் இடந்தருகின்றது. ‘வழங்கி’, ‘துறை_எண்’ என்று பெயரிட்டுச் சி மொழி நிரல் இன்றே எழுதலாம். முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழி, கட்டளைச் சொற்களையும் தமிழில் அமைத்துக் காட்டியது. ஆதலின் கருவி உண்டு; சொல் உண்டு; இல்லாதது கூட்டு உழைப்பே.

தமிழக அரசு 2010ஆம் ஆண்டு பொறியியற் கல்வியைத் தமிழ்வழியே தொடங்கியபோது குடிசார் பொறியியலும் எந்திரவியலுமே இடம்பெற்றன, கணினியியல் இடம்பெறவில்லை. 2023ஆம் ஆண்டு மே திங்களில், உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அத்தமிழ்வழி வகுப்புகளையும் நிறுத்துவதாக அறிவிப்பு வெளிவந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பால் ஒரு வகுப்பைக் காக்கலாம். அவ்வகுப்பிற்கு மாணவரை ஈர்க்க, நூலும் கருவியும் தமிழில் வேண்டும். முழக்கம் வாயிலைக் காக்கும். உள்ளே விளக்கேற்றுவது உழைப்பே.

மறுப்புகள் உண்டு. ‘தொழிலகம் ஆங்கிலமே கேட்கும்’ என்பர். ஆம், ஆங்கிலம் கற்கட்டும். ஆனால் ஆங்கிலம் கற்பதும் நிரல் கற்பதும் ஒரே நாளில், ஒரே திரையில், ஒன்றுக்கொன்று தடையாக நிற்க வேண்டியதில்லை. ‘தமிழ் வழுக்கூற்றைக் கொண்டு இணையத்தில் தீர்வு தேட இயலாது’ என்பது வலுவுடைய மறுப்பு, தள்ளத்தக்கதன்று. தீர்வுகளிற் பெரும்பாலன ஆங்கிலக் கூற்றின்கீழ்த்தான் கிடக்கின்றன. இதற்கும் வழி உண்டு: சூழல் மாறி ஒன்றை மாற்றிய அளவில் அதே தொகுப்பி தமிழினின்று ஆங்கிலத்திற்குத் திரும்பும். தமிழில் பொருளுணர்ந்து, ஆங்கிலத்தில் தேடலாம். பொருளுணராது தேடுபவன் முதலில் கிட்டியதை ஒட்டுவான். உணர்ந்து தேடுபவன் தக்கதைத் தெரிந்தெடுப்பான்.

மூன்றாம் மறுப்பு தமிழன்பரை நோக்கியே எழுவது. அதற்கு அவரே விடையிறுத்தல் வேண்டும். ஒரே கருவிக்குத் தொகுப்பி என்பார் ஒருவர்; நிரல்பெயர்ப்பி என்பார் மற்றொருவர்; மொழிமாற்றி என்பார் வேறொருவர். மூன்றும் தூய தமிழே. ஆயின் வழுவின்முன் திகைத்து நிற்கும் மாணவனுக்கு மூன்று பெயர் மூன்று மயக்கம். புதுச்சொல் படைக்கும் ஆர்வத்தில் நூற்றிலொரு பங்கு, படைத்த சொல்லை நிலைநிறுத்துவதில் இல்லை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் எனத் துணிந்து, அதனைக் கருவியினுள் ஏற்றினாலன்றிச் சொல்லாக்கம் ஏட்டுச் சுரைக்காயே. அகரமுதலியில் உறங்கும் சொல்லைவிட, நள்ளிரவில் ஒரு மாணவனின் பிழையைச் சுட்டி விழித்திருக்கும் சொல்லே தமிழை வாழ்விக்கும்.

ஆதலின் செய்யத்தக்கவை மூன்று. வலையமைப்பு ஆய்வகத்தில் நேரும் வழுக்களை ஆங்கிலக் கூற்று, தமிழ்ப் பொருள், கரணியம், தீர்வு என நான்கு நிரலில் விளக்கும் சிறு கைந்நூல் ஒன்று முதலில் வேண்டும். காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் கற்பிக்கும் ஆசிரியரும் விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரித் தமிழ்த்துறையாரும் கூடி அமர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் அது நிறைவேறும். தொகுப்பியின் கூற்றுகள் பல்லாயிரமாயினும் மாணவன் நாளும் காண்பன அவற்றுள் ஒரு சிறு பங்கே. அப்பங்கை முதற்கண் தமிழாக்கி உலகத் தொகுப்போடு சேர்ப்பது இரண்டாவது. ஆய்வகத் தேர்வில், ஓடும் நிரலுக்கு மட்டுமன்றி, வழுவுள்ள நிரலொன்றைத் தந்து அவ்வழுவைத் தமிழில் விளக்கச் சொல்லியும் மதிப்பெண் தருவது மூன்றாவது.

இவை நிறைவேறும் நாளில், மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் மகள் திரையிற் பார்க்கும் வரி, ‘உன்னால் இயலாது’ என்று அவளுக்குத் தோன்றாது, ‘பதினேழாம் வரியில் ஒன்று விடுபட்டது, சேர்’ என்றே தோன்றும். பிழை செய்யாத நிரலாளன் உலகில் இல்லை. தன் பிழையைத் தன் மொழியில் கேட்கும் உரிமை பின்லாந்தானுக்கு உண்டு, தமிழனுக்கும் வேண்டும். அதனைத் தருவார் பிறர் இலர். ஆக்கிக்கொள்ள வேண்டுவோர் தமிழரே!